இறப்புக்குப் பின் குறிப்பு

வகுப்புத் தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்னதாகவே பேராசிரியை வந்துவிடுவார். வந்ததும் அவர் செய்யும் முதல் வேலை, பின்வரிசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துவந்து, பலகைக்கும் முதல் வரிசைக்கும் நடுவில், மாணவர்களைப் பார்த்தபடி போடுவது. தூசி இருந்தால் தம் கைக்குட்டையாலேயே துடைப்பார். அதில் யாரும் உட்காரக் கூடாது. பையைக்கூட வைக்கக் கூடாது. ஒன்பது ஆண்டுகளாக இந்த வழக்கம் ஒருநாளும் தவறியதில்லை.

முதல் நாள் அதற்கு விளக்கம் சொல்வார். "இது நோயாளியோட நாற்காலி. நாட்டுல ஆஸ்பத்திரியெல்லாம் எப்படி நடக்கணும்னு முடிவு பண்ற கூட்டத்துக்கு எல்லாரையும் கூப்பிடுவாங்க, இவரை மட்டும் கூப்பிட மாட்டாங்க. நம்ம வகுப்புல இவருக்கு முதல் இடம்."

அவருடைய மாணவர்கள் பச்சைப் பிள்ளைகள் அல்லர். செவிலியர், மருத்துவர், மருந்தாளர், கணினி வல்லுநர் என்று பல வேலைகளில் பழுத்தபின் முதுகலை படிக்க வந்தவர்கள். எந்த நாடு வரிப்பணத்தில் வைத்தியம் பார்க்கிறது, எந்த நாடு காப்பீட்டை நம்புகிறது, எந்த நாடு குடிமகனைக் கடவுளிடமே ஒப்படைத்துவிடுகிறது என்று அவர் ஒப்பிட்டுச் சொன்னால், மதிய உணவுக்குப் பின் கண்ணசரும் மருத்துவர்கூட நிமிர்ந்து உட்காருவார். தேசிய உடல்நலப் பதிவேட்டுக்கு வரும்போது மட்டும் பாடத்தை நிறுத்திவிட்டு ஒரு கதை சொல்வார். பிறந்த குழந்தை முதல் இறந்த கிழவர் வரை நாட்டில் எல்லாருக்கும் ஓர் எண்ணும், எண்ணுக்கு ஒரு பக்கமும் கொண்ட அந்தப் பதிவேட்டை அமைத்த குழுவுக்கு ஒரு காலத்தில் அவர்தாம் தலைவர்.

கதை இது. ஒரு காட்டில் சிங்கராஜா குடிக்கணக்கு எடுக்க ஆணையிட்டாராம். காக்கை கணக்கராயிற்று. அது மேலே பறந்தபடியே, அசைவதையெல்லாம் உயிர் என்றும் அசையாததையெல்லாம் கல் என்றும் எழுதிக்கொண்டு போயிற்று. அன்றைக்குப் பார்த்து ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு வெயில் காய்ந்தது. கல் என்று எழுதப்பட்டது. மழைக்காலம் வந்ததும் மேட்டு நிலத்தில் ஓர் இடம் கேட்டு ஆமை சபைக்கு வந்தது. காக்கை ஏட்டைப் புரட்டிப் பார்த்துச் சொல்லிற்று: "ராஜாவே, கல் பேசும் வழக்கம் இல்லை. ஆகவே இப்போது யாரும் பேசவில்லை."

வகுப்பு சிரிக்கும். "அப்புறம் ஆமை என்ன ஆச்சு மேடம்?" என்று ஆண்டுதோறும் யாராவது கேட்பார்கள். "கதை அவ்வளவுதான்" என்று பேராசிரியையும் சிரிப்பார். அந்தக் கதையில் தாம் யார் என்று அவர் ஒருமுறையும் யோசித்ததில்லை.

அந்த ஆண்டு அவர் கொடுத்த பயிற்சி எளியது. பாடத்துக்கென்று அமைச்சகம் தந்து, நாள்தோறும் புதுப்பிக்கும் பதிவேட்டுப் படி ஒன்று உண்டு. பெயர்களும் முகவரிகளும் நீக்கப்பட்டது. அதிலிருந்து ஆளுக்கு ஒரு பதிவை எடுத்து, அந்த மனிதர் மருத்துவ அமைப்புக்குள் எப்படி நடந்து போனார் என்று கண்டு சொல்ல வேண்டும்.

முற்பகல் வகுப்பு ஒன்றில் செவிலியின் முறை வந்தது. சிறிய க்ளினிக் ஒன்றில் பதினான்கு ஆண்டுகளாக வேலை பார்ப்பவர், அதிகம் பேசாதவர். புரொஜெக்டரை இயக்கினார். சுவரில் ஒரு பதிவு விழுந்தது. பெண். வயது நாற்பத்து மூன்று. தொழில், தையல். நிலை, இறந்துவிட்டார். இறந்த நாள், பதினோரு ஆண்டுகளுக்கு முன்.

"செத்தவங்களை எதுக்கு எடுத்தீங்க? கதை முடிஞ்சு போச்சே" என்றார் கணினிக்காரர். வகுப்பில் எதற்கும் முதலில் வாய் திறப்பவர் அவர்தாம்.

"இன்னும் கொஞ்சம் கீழ இருக்கு" என்ற செவிலி பக்கத்தை நகர்த்தினார்.

பக்கத்தின் அடியில் 'இறப்புக்குப் பின் குறிப்பு' என்றொரு பெட்டி இருந்தது. பிரேதப் பரிசோதனை முடிவு ஏதேனும் தாமதமாக வந்தால் எழுதுவதற்காக வைத்தது. வழக்கமாக வெறுமையாகவே கிடக்கும். இந்தப் பெட்டியோ நிரம்பி வழிந்தது.

"இடது முழங்கால் வலிக்கிறது என்கிறார்."

"ரத்த அழுத்தம் நூற்றைம்பது, தொண்ணூறு. முப்பது நாளுக்கு மாத்திரை கொடுக்கப்பட்டது."

"உப்பைக் குறைக்கச் சொன்னோம். சிரித்தார்."

மாதத்துக்கு ஒன்றாகப் பதினோரு ஆண்டுகள். முதலில் வகுப்பு சிரித்தது. பத்தாவது குறிப்பு வருவதற்குள் சிரிப்பு வற்றிவிட்டது. புரொஜெக்டரின் விசிறி மட்டும் முனகிற்று. கடைசிக் குறிப்புக்கு நான்கு நாள் வயது. "வலது கண்ணில் வெளிச்சம் மட்டுமே தெரிகிறது. இடது கண்ணும் மங்குகிறது. அவசரம்."

யாரும் சொல்லாமலே எல்லாருடைய பார்வையும் நடுவில் கிடந்த நாற்காலிக்குப் போயிற்று.

"மேடம், உங்க நாற்காலிக்கு ஆள் வந்துட்டாங்க போல" என்றார் கணினிக்காரர். வேடிக்கையாகத்தான் சொல்ல நினைத்தார், குரல் உடன்படவில்லை.

பேராசிரியை சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "வேற யாரோட குறிப்போ தப்பான பக்கத்துல விழுந்திருக்கு. இது நடக்கிறதுதான்."

"இல்ல மேடம்" என்றார் செவிலி. "அதுல பாதி நான் எழுதினது. அந்த அக்கா எங்க க்ளினிக்குக்கு மாசாமாசம் வர்றாங்க. உயிரோடதான் இருக்காங்க. செத்தவங்க பக்கத்துல மத்த பெட்டியெல்லாம் பூட்டிக்கும். எழுத முடிஞ்சது இது ஒண்ணுதான்."

"பதினோரு வருஷமா யாரும் திருத்தலையா?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

இந்தக் கேள்விக்குப் பேராசிரியையிடம் பழகிப்போன விடை ஒன்று உண்டு. பழக்கம் அவரை முந்திக்கொண்டது. "திருத்துற பொத்தானே இல்லையே. சாவைத் திருத்த ஒரு பொத்தான் வேணுமான்னு குழுவுல கேட்டாங்க. செத்தவங்க திரும்பி வந்து மனு போட மாட்டாங்கன்னு நான்தான் சொன்னேன். அறையே சிரிச்சுது."

இந்த அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"மனு போட்டாங்க மேடம்" என்றார் செவிலி.

அன்று பிற்பகல் பேராசிரியை தம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பழைய விதித் தொகுப்பை எடுத்து விரித்தார். தேடத் தேவையே இருக்கவில்லை. பக்கம் தானாகவே திறந்துகொண்டது.

பதிவேடு பிறந்த காலத்தில் ஒரே ஆளுக்கு இரண்டு, மூன்று பதிவுகள் இருந்தன. தடுப்பூசிக் கணக்குகள் குழம்பின. எழுத்தர்கள் ஒரே பெயரைப் பத்து விதமாக எழுதியதால் பெயரை நம்ப முடியவில்லை. ஆகவே பெயரை ஒதுக்கிவிட்டு அவர் ஒரு விதி வகுத்தார். பிறந்த நாளும் பெற்றோரும் முகவரியும் ஒன்றாக உள்ள இரண்டு பதிவுகளில், ஒன்று இறந்தவருடையதாகவும் மற்றொன்று ஐந்தாண்டுகளாக எந்த மருத்துவமனையின் வாசலையும் மிதிக்காததாகவும் இருந்தால், இரண்டும் ஒருவருடையவையே. அந்த ஊமைப் பதிவை இறந்தவர் பதிவோடு சேர்த்துவிட வேண்டும். அதற்கு 'மௌனப் பதிவு விதி' என்று பெயர். அதைப் பலர் பாராட்டினார்கள். பயிற்சிக் கையேட்டில் அவர் பெயரோடு அது இன்றும் இருக்கிறது.

இரட்டைப் பிள்ளைகளுக்குப் பிறந்த நாளும் பெற்றோரும் ஒன்றுதானே என்று அன்று யாருக்கும் தோன்றாமல் இல்லை. இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்து, ஒருவர் இறந்து, மற்றவர் ஐந்தாண்டுகள் ஒரு தும்மலுக்குக்கூட மருந்து வாங்காமல் இருப்பது நடக்கிற காரியமா என்று அவர் கேட்டார். இரட்டையரில் ஒருத்தி என்று செவிலி சொன்ன தையற்காரிக்கு அது நடந்துவிட்டது. நோய் நொடி இல்லாமல் இருந்ததுதான் அவர் செய்த குற்றம்.

சனிக்கிழமை பிற்பகலில் செவிலி அவரைத் தையற்காரியின் வீட்டுக்கு அழைத்துப் போனார். ஆணியும் கம்பியும் விற்கும் கடைக்கு மேல் மாடி. படிக்கட்டு குறுகலானது. அறையில் சன்னல் ஓரமாக இரண்டு தையல் இயந்திரங்கள். ஒன்றில் பாதி தைத்த பாவாடை. மற்றொன்று கால்வரை வெள்ளைத் துணியால் மூடியிருந்தது. அந்த வெள்ளையைப் பார்க்காமல் இருக்கப் பேராசிரியை முயன்றார், முடியவில்லை.

"வாங்க டீச்சரம்மா. பேய் வீடுன்னு பயப்படாம வந்துட்டீங்களே" என்றார் தையற்காரி. வந்தவர்கள் நின்ற பக்கத்துக்குச் சற்றுத் தள்ளி, கதவைப் பார்த்துச் சொன்னார். "உக்காருங்க. அந்த வெள்ளைத் துணி போட்ட பக்கம் வேணாம். அது அக்காவோட மெஷின்."

"அக்காவா? இரட்டைன்னு..."

"பத்து நிமிஷம் மூத்தவ. அந்தப் பத்து நிமிஷத்துக்கு ஆயுசு பூரா அதிகாரம் பண்ணினா. எதுலயும் அவதான் முந்திக்குவா. சாவுல மட்டும் என்னையும் துணைக்குக் கூட்டிக்கிட்டா." சிரித்துக்கொண்டே ஊசியில் நூல் கோக்க முயன்றார். நூலை நாவில் நனைத்து, விரல் நுனியால் ஊசிக் காதைத் தடவினார். ஐந்தாவது முறையும் தவறிற்று. செவிலி வாங்கிக் கோத்துக் கொடுத்தார்.

"இவ இல்லேன்னா நான் எப்பவோ நிஜமா செத்திருப்பேன். எனக்கு மாத்திரை குடுத்து, என் கதையை எல்லாம் பாவம், பொணத்துக் கணக்குல எழுதிட்டு இருக்கா." பாவாடையைத் தூக்கிக் காட்டினார். "போன வாரம் நீலத் துணிக்குக் கறுப்பு நூல்ல தைச்சுக் குடுத்துட்டேன். திருப்பிக் கொண்டாந்து மூஞ்சில எறியாத குறை. எனக்கு ரெண்டும் ஒரே இருட்டு."

கண்புரை முற்றிவிட்டதாக மருத்துவர் சொல்லியிருந்தார். இன்னும் ஒரு மாதம் தள்ளினால் கண்ணில் அழுத்தம் ஏறிவிடும். அப்புறம் அறுவை செய்தாலும் போன பார்வை திரும்பாது. ஆனால் அறுவைக்குத் தேதி கொடுப்பது பதிவேடு. இறந்தவரின் எண்ணை இட்டால் அது தேதி கொடுப்பதில்லை. அனுதாபச் செய்தி ஒன்றை அச்சிட்டுத் தருகிறது. மூன்று மருத்துவமனைகளிலிருந்து மூன்று அனுதாபங்கள் சுவரில் ஒட்டப்பட்டிருந்தன.

"நீங்க ஒருநாள் எங்க வகுப்புக்கு வரணும். உங்க வாயால சொன்னா மாணவர்கள் மறக்கவே மாட்டாங்க" என்றார் பேராசிரியை. ஏதாவது கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்ற தவிப்பில் வந்த சொல் அது.

"எதுக்கு? செத்தவ எப்படி இருப்பான்னு காட்டவா? எனக்கு வேண்டியது கண்ணு டீச்சரம்மா. கைதட்டு இல்ல."

பிறகு தையற்காரி இயந்திரத்தின் இழுப்பறையைத் திறந்து, நூல்கண்டுகளுக்கு அடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். நான்காக மடித்து மடித்து, மடிப்புகள் இற்று, ஒட்டுப்பட்டை போட்ட கடிதம். "நான் செத்தது எனக்கே தபால்லதான் தெரியும். படிங்களேன். இப்ப எனக்கு எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி."

பேராசிரியை படித்தார். "எமது தேசியப் பதிவேட்டின்படி மனுதாரர் காலமாகிவிட்டபடியால், அவரிடமிருந்து வரும் மனுவைப் பரிசீலிக்க விதிகளில் இடமில்லை என்பதை மனுதாரருக்கு வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்." தம் குரல் வகுப்பறைக் குரலாக மாறியிருப்பதை அவர் கேட்டார். அந்த வாக்கியம் அவருடையது. ஒவ்வொரு சொல்லும் நிறுத்து அளந்து எழுதியது. அந்த நாட்களில் மாலைதோறும் இப்படிப்பட்ட கடிதங்கள் ஒரு முழ உயரத்துக்கு மேசைமேல் வரும். முனையை மட்டும் தூக்கி, முகத்தைப் பார்க்காமல், கையெழுத்திட்டு முடிக்க இருபது நிமிடம் போதும்.

அடியில் அந்தக் கையெழுத்து இருந்தது. கோபுரம் போல் உயர்ந்த முதலெழுத்து. கடைசியில் வால் நீண்டு தானே அடிக்கோடாகும் அழகு.

"கீழ யாரு கையெழுத்து? பார்வை இருந்தப்பவே அந்தக் கிறுக்கல் எனக்கு விளங்கல. உங்களுக்குத் தெரியுதா?"

கீழே கடையில் யாரோ கம்பியை வெட்டினார்கள். பேராசிரியை கடிதத்தைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"பதவி மட்டும் போட்டிருக்கு. கையெழுத்து... புரியல."

செவிலி தலையை நிமிர்த்தினார். அதே கோபுரமும் அதே வாலும், பேராசிரியை திருத்திக் கொடுத்த அவருடைய மூன்று கட்டுரைகளின் அடியில் இருந்தன. கடிதத்தைப் பார்த்தார், பிறகு பேராசிரியையைப் பார்த்தார்.

"பாத்தியா தங்கச்சி, டீச்சருக்கே புரியலையாம்" என்றார் தையற்காரி. "அந்த ஆளை ஒரே ஒரு தரம் நேர்ல பாத்தாப் போதும் எனக்கு. சத்தியமா திட்ட மாட்டேன். என் கையைப் புடிச்சுப் பாருங்க, நாடி ஓடுதா இல்லையான்னு நீங்களே சொல்லுங்கன்னு கேப்பேன். வேற ஒண்ணும் வேணாம்."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். பேராசிரியையின் நெஞ்சு குறுகுறுப்பதோடு நிற்கவில்லை. அது பேசத் தொடங்கிற்று. லிஃப்டில் ஏறினால், தளத்தின் எண்ணைச் சொல்லும் குரலுக்குள் இன்னொரு குரல் "இடது முழங்கால் வலிக்கிறது என்கிறார்" என்றது. பாடக் குறிப்பைத் திறந்தால் வரிகளுக்கு நடுவில் "உப்பைக் குறைக்கச் சொன்னோம், சிரித்தார்" என்று இருப்பதுபோல் தோன்றிற்று. சாலையில் வெள்ளைத் துணி போர்த்திய வண்டி ஒன்று நின்றால், அதன் அடியில் ஒரு தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருப்பதாகக் காதில் விழுந்தது.

அடுத்த வகுப்புக்கு அவர் நேரத்துக்குச் சரியாகத்தான் போனார். ஒன்பது ஆண்டுகளில் முதல் தடவையாக நாற்காலியை இழுத்துவரவில்லை. யாரும் கேட்கவில்லை. கணினிக்காரர் மட்டும் எழுந்து போய், ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து, அதே இடத்தில், அதே திசையில் போட்டுவிட்டுத் திரும்பினார். மணி அடிக்கும்வரை பேராசிரியை அதைப் பார்க்காமலே பாடம் நடத்தினார். முதுகைத் திருப்பிப் பலகையில் எழுதும்போதெல்லாம், பின்னால் யாரோ துணி மடிக்கும் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. செவிலி அன்று வரவில்லை.

மறுநாள் காலை உணவின்போது அவருடைய கணவர் செய்தித்தாளை இறக்கிப் பார்த்தார். அஞ்சல் துறையில் ஓய்வுபெற்றவர். கடிதம் எங்கே நின்றுபோயிற்று என்று முகத்தைப் பார்த்தே சொல்லக் கூடியவர்.

"என்னம்மா, நாலு நாளா பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

"அறையல. என்னைப் பாத்துச் சிரிச்சுது." எல்லாவற்றையும் சொன்னார். கையெழுத்து புரியவில்லை என்று சொன்னதை மட்டும் கடைசியில், தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

கணவர் கண்ணாடியைக் கழற்றினார். "விதி போட்டது தப்பாயிடுச்சுன்னா யானைக்கும் அடி சறுக்கும்னு சொல்லலாம். கடுதாசியைப் படிக்காம கையெழுத்துப் போட்டதுக்கும் ஆயிரம் வேலைன்னு சாக்கு இருக்கு. ஆனா அந்தம்மா கண்ணு தெரியாம கேட்டப்ப, கண்ணு தெரியுற நீ, தெரியலேன்னு சொன்னே பாரு..."

"சொல்லாதீங்க."

"நான் சொல்லல. உன் கையெழுத்து தபால்தலைல போடுற அளவுக்கு அழகுன்னு நாப்பது வருஷமா நீதான் சொல்லிட்டிருக்கே. புரியலையாமே!"

அன்றே பேராசிரியை அமைச்சகத்துக்குப் போனார். நான்காம் தளம், அதே நீள மேசை. பதிவேட்டு இயக்குநராக இருப்பவர் முன்பு அவரிடம் இளநிலை அதிகாரியாக இருந்தவர். எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்க மேடம். இந்த இடத்துல இன்னும் உங்க வாசனைதான். எந்த ஃபைலைத் தொட்டாலும் நீங்கதான் வர்றீங்க."

"அதுக்குத்தான் வந்தேன் தம்பி. செத்துப் போனதா நான் எழுதின ஒருத்தங்களை உயிரோட எழுதணும்."

விவரம் கேட்ட இயக்குநர் நெற்றியைத் தேய்த்தார். "பொத்தான் இல்லையே மேடம், உங்களுக்குத் தெரியாததா? வேணும்னா ஒரு வழி இருக்கு. புதுசா நாட்டுக்குக் குடிவந்தவங்கன்னு ஒரு புது எண் குடுத்துடலாம். யாருக்கும் தெரியாது. அறுவைக்கு மட்டும் ரெண்டு வருஷம் காத்திருக்கணும்."

"அந்தக் கண்ணு ஒரு மாசம் தாங்காது."

"அப்போ மீதி ஒரே வழிதான். சேர்க்கச் சொன்ன ஆணையையே ரத்து பண்ணணும். ஆணை போட்டவங்களே, விதி தப்பு, என் தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் அது செல்லும்." குரலைத் தாழ்த்தினார். "அதோட நிக்காது மேடம். அந்த விதில சேத்த நானூத்திப் பன்னண்டு பேரோட பதிவையும் தொறந்தாகணும். விசாரணைன்னு வரும். கையேட்டுல உங்க பேரு இருக்கு. கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை ஆயிடும். முக்காவாசிப் பேர் நிஜமாவே செத்தவங்கதான்."

"மிச்சக் கால்வாசி?"

சன்னலுக்கு வெளியே கம்பியில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தது. பேராசிரியைக்குத் தம் கதை நினைவுக்கு வந்தது. ஆமைக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் விடை சொல்லாமலே இருந்திருக்கிறார். மழைக்காலம் வந்தது, மேட்டில் இடம் கிடைக்கவில்லை, வேறென்ன ஆகியிருக்கும்?

"பூதம் இல்ல தம்பி. கிணத்துக்குள்ள இருக்கிறது ஆளுங்க" என்றார். "தாளைக் குடுங்க."

ஒவ்வொரு சொல்லையும் படித்துப் பார்த்து எழுதினார். விதியில் பெயரை ஒதுக்கியது தவறு. உடல்நலத்தோடு இருப்பவரை இல்லாதவராகக் கொண்டது தவறு. திருத்த வழி வைக்காதது தவறு. மனுவைப் படிக்காமல் மறுத்தது தவறு. நான்கும் என்னுடையவை. பிறகு கையெழுத்திட்டார், இந்தத் தடவை கோபுரம் இல்லை, வால் இல்லை. ஒரு குழந்தையும் படிக்கும்படி எழுத்தெழுத்தாகப் பெயரை எழுதினார். பதிவு உயிர்பெற்றதற்கான கடிதம், ஆணையை ரத்து செய்தவர் என்று அவருடைய கையெழுத்தையே தாங்கி, ஆறாம் நாள் அவர் கைக்கு வந்தது. தபாலில் அனுப்பிவிடுவதாக இயக்குநர் சொன்னதற்கு, வேண்டாம் என்று தாமே வாங்கிக்கொண்டார்.

ஆணிக் கடை மாடிக்கு அவர் ஏறியபோது செவிலி அங்கே ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். பேராசிரியையைக் கண்டதும் எழுந்தார். முகத்தில் வரவேற்பு இல்லை.

"யாரு? டீச்சரம்மாவா? காலடியே சொல்லுது. போன தடவையைவிட மெதுவா ஏறுறீங்க" என்றார் தையற்காரி.

"ஒரு கடிதம் கொண்டு வந்திருக்கேன். படிக்கட்டுமா?"

"படிங்க. எத்தனாவது அனுதாபம்?"

பேராசிரியை நின்றபடியே படித்தார். "மனுதாரர் உயிருடன் இருக்கிறார். அவர் இறந்ததாகப் பதிவு செய்தது பிழை. அவருடைய எண்ணும் பதிவும் அவருக்கே திருப்பி அளிக்கப்படுகின்றன. கண் அறுவைக்கு வரும் புதன்கிழமை, காலை எட்டு மணி குறிக்கப்பட்டிருக்கிறது."

தையற்காரியின் கை, தைத்துக்கொண்டிருந்த துணிமேல் அப்படியே நின்றது. "இன்னொரு தரம் படிங்க" என்றார். படித்தார். "முதல் வரியை மட்டும்." அதையும் படித்தார்.

"கீழ கையெழுத்து?"

"என்னோடது." பேராசிரியை கடிதத்தை இயந்திரத்தின்மேல் வைத்தார். "பழைய கடிதத்துல இருந்ததும் என்னோடதுதான். போன தடவை புரியலேன்னு சொன்னேன். புரிஞ்சுது. பொய் சொன்னேன். உங்களைச் சாகடிச்ச விதியைப் போட்டது நான். நீங்க போட்ட மனுவைப் பாக்காம மறுத்தது நான். மன்னிப்புன்னு கேக்க எனக்கு வாய் வரல. நீங்க நேர்ல பாக்கணும்னு சொன்னீங்க. வந்திருக்கேன்."

தையற்காரி வெள்ளைத் துணி மூடிய இயந்திரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அங்கே உட்கார்ந்திருக்கும் யாரிடமோ யோசனை கேட்பதுபோல.

"திட்ட மாட்டேன்னு சத்தியம் பண்ணித் தொலைச்சேனே" என்றார் கடைசியில். "பதினோரு வருஷம் டீச்சரம்மா. அக்கா திவசத்தன்னிக்கு எனக்கும் சேர்த்து நானே அழுதிருக்கேன்."

பேராசிரியை தலைகுனிந்து நின்றார்.

தையற்காரி வலக்கையை நீட்டினார். நீட்டியது கதவுப் பக்கமாக இருந்தது. பேராசிரியை நகர்ந்து, அந்தக் கை நீண்ட இடத்துக்குப் போய், முழந்தாளிட்டு, மணிக்கட்டைப் பற்றினார். மருத்துவம் படித்தவர்தாம், ஆனால் ஒரு மனிதரின் நாடியைத் தொட்டு முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. முதலில் தம் விரலின் துடிப்புத்தான் தெரிந்தது. அழுத்தத்தைக் குறைத்துக் காத்திருந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடமும் எண்ணினார்.

"ஓடுதா?"

"ஓடுதும்மா. எழுபத்தாறு."

செவிலி தாம் கொண்டுவந்திருந்த க்ளினிக் மடிக்கணினியைத் திறந்தார். அந்தப் பழைய பெட்டி பூட்டிக் கிடந்தது. அதற்கு மேலே மற்றவையெல்லாம் திறந்திருந்தன. 'இன்றைய வருகை' என்ற இடத்தில் அவர் எழுபத்தாறு என்று எழுதினார். பிறகு பேராசிரியையைப் பார்த்து, "புதன்கிழமை கூட ஒருத்தர் இருக்கணும் மேடம். எனக்கு அன்னிக்கு டியூட்டி" என்றார்.

"நான் இருக்கேன்" என்றார் பேராசிரியை. மணிக்கட்டை அவர் இன்னும் விடவில்லை.